விண்மீன் வழி, சிலம்பொலி வழி

ஃபிளாரன்சில் மெடிச்சி அரண்மனையின் மாடியில் ஒரு சிறிய வழிபாட்டு அறை. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றி ஓர் உள்நடை. முன்னதன் சுவர்களில் பெனோட்சோ கொட்சோலி 1459இல், பெத்லகேமுக்குப் பயணப்படும் மூவரசரைத் தீட்டத் தொடங்கினார். பின்னதன் சுவரில், அதற்கு நாலரை நூற்றாண்டுக்கு முன்பே, பெயர் தெரியாத சோழ ஓவியர்கள் கயிலைக்குப் பயணப்படும் பாடகர் சுந்தரரையும் அவர் நண்பரான சேர அரசர் சேரமான் பெருமாளையும் தீட்டிவிட்டிருந்தார்கள். அங்கே குதிரைகளும் ஒட்டகங்களும். இங்கே வெள்ளை யானையும் ஒரு குதிரையும். அங்கே ஊர்வலம் போய்ச் சேரும் இடத்தில் அன்று பிறந்த குழந்தை. இங்கே பிறப்பே இல்லாதவன். இரண்டு பரிவாரங்களுக்கும் ஒன்றைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அருகருகே வைத்துப் பார்க்கப் பார்க்க, இவை ஒரே வினாவுக்கு எழுதப்பட்ட இரண்டு விடைகள் போலத் தோன்றத் தொடங்குகின்றன: முடி சூடிய ஒருவன் கடவுளிடம் போக வேண்டுமானால் எதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்?

முதல் ஒற்றுமை இருட்டு. இரண்டுமே ஊருக்குக் காட்டத் தீட்டப்பட்டவை அல்ல. மெடிச்சி அறைக்கு முதலில் சன்னல் வெளிச்சம் ஏறக்குறைய இல்லை. மெழுகுவத்தி ஏற்றினால் சுவரில் ஒட்டிய தங்கம் மினுங்கும், அவ்வளவுதான். வீட்டார் வழிபடவும் முக்கிய விருந்தினரை வரவேற்கவும் அந்த அறை இருந்தது. தஞ்சையின் உள்நடையோ அதைவிட மூடுண்டது. இரண்டு சுவர்களுக்கு நடுவே அறை அறையாகப் பகுக்கப்பட்டு ஓடும் இடைவெளி அது. பூசை செய்வோரும் அரச குடும்பத்தாரும் தவிர வேறு யார் அங்கே நடந்திருப்பார்கள் என்று சொல்வது கடினம். ஃபிளாரன்சில் இன்று சீட்டு வாங்கிச் சிறு குழுவாக உள்ளே போய்விடலாம். தஞ்சையில் இன்றும் பொதுமக்கள் போக முடியாது. திருச்சுற்றிலுள்ள விளக்க மையத்தில் வைத்திருக்கும் படங்களைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான்.

பின்னால் வந்தவர்கள் இரண்டு சுவர்களிலும் கை வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அரண்மனையை வாங்கிய ரிக்கார்டி குடும்பம், படிக்கட்டுக்கு இடம் வேண்டும் என்று ஓவியச் சுவரின் ஒரு மூலையை வெட்டிவிட்டது. ஏறக்குறைய அதே நூற்றாண்டில் தஞ்சையில் நாயக்கர் காலத்து ஓவியர்கள், சோழர் ஓவியத்தின் மேலேயே புதிய சுதை பூசித் தங்கள் ஓவியத்தைத் தீட்டினார்கள். அங்கே வெட்டியது இழப்பானது. இங்கே மறைத்ததே காப்பாகிவிட்டது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே இன்னொரு ஓவியம் இருப்பதைக் கண்டபோது, சோழர் வண்ணம் ஒன்பது நூற்றாண்டு கடந்தும் அங்கே காத்திருந்தது. பிறகு தொல்லியல் துறையின் வேதியியலார் நாயக்கர் அடுக்கை உரித்தெடுத்துத் தனிப் பலகையில் ஏற்றினார்கள். ஒரு சுவர் இரண்டு சுவரானது.

முகங்களை அடையாளம் காட்டுவதில் உள்ள ஆசையும் இரண்டு இடத்திலும் ஒன்றே. கொட்சோலியின் இளைய அரசன் லொரென்சோ மெடிச்சிதான் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். ஓவியம் தொடங்கிய ஆண்டில் லொரென்சோவுக்குப் பத்து வயது. சுவரில் குதிரை மேல் இருப்பவனோ வாலிபன். தஞ்சையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு உருவங்களை ராஜராஜனும் கருவூர்த்தேவரும் என்று பாடநூல்கள்வரை சொல்லிவிட்டன. இரண்டு கூற்றுகளையும் ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள், எனக்கும் அந்த ஐயம் உண்டு. ஃபிளாரன்சில் ஐயமே இல்லாத ஒரு முகம் ஓவியருடையது. கூட்டத்துக்கு நடுவில் தன்னை வரைந்து, தொப்பியின் விளிம்பில் தன் பெயரையும் எழுதிக்கொண்டார் கொட்சோலி. தஞ்சை ஓவியர் தன் தலையைக்கூட உள்ளே நீட்டவில்லை.

இனி வழிகாட்டிய குறிகளுக்கு வருவோம். பொருள் செறிந்த இடம் இதுதான்.

மூவரசருக்கு விண்மீன். சேரமானுக்குச் சிலம்பொலி. நாள்தோறும் பூசை முடிவில் தில்லைக் கூத்தனின் சிலம்பொலி அவர் காதில் விழும் என்றும், ஒரு நாள் அது பிந்தியபோது உடைவாளை உருவி மார்பில் வைத்துவிட்டார் என்றும் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். ஒலி வந்தது, பிந்தியதற்குக் காரணமும் சொல்லப்பட்டது. தில்லையில் சுந்தரன் பாடிக்கொண்டிருந்தான், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டோம் என்பதுதான் அது. அந்த ஒரு விடையில்தான் சேரமானின் பயணம் பிறக்கிறது. யாருடைய பாட்டு இறைவனையே நேரம் மறக்க வைத்ததோ, அவரைப் பார்க்க மலைநாட்டிலிருந்து புறப்பட்டு, தில்லை வழியாகத் திருவாரூருக்கு வருகிறார். மூவரசர் குறியைக் கண்ணால் கண்டு புறப்பட்டவர்கள். சேரமான் குறி காதில் விழாததால் புறப்பட்டவர். அவர்கள் வானத்தில் புதிதாக ஒன்று தோன்றியதைக் கணக்கிட்டார்கள். இவர் வழக்கமான ஒன்று தவறியதைக் கவனித்தார். வருவதை அறிவது ஓர் அறிவு; வராததை அறிவது இன்னோர் அறிவு.

குறியைப் படித்த விதத்தை ஒப்பிட்டால் இன்னும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மூவரசர் விண்மீனைச் சரியாகத்தான் படித்தார்கள். ஆனால் அரசன் பிறந்திருக்கிறான் என்றால் அரண்மனையில்தானே பிறந்திருப்பான் என்று நேரே எருசலேமில் ஏரோதின் வாசலுக்குப் போனார்கள். அந்த விசாரிப்பின் விலையைப் பெத்லகேமின் பச்சிளங் குழந்தைகள் கொடுத்தார்கள். சேரமானோ குறியைத் தவறாகப் படித்தார். முடிசூட்டி யானைமேல் நகர்வலம் வரும்போது, உவர்மண் பொதியைச் சுமந்து வந்த வண்ணார் ஒருவர் எதிர்ப்படுகிறார். மழையில் நனைந்து வழிந்த உவர்மண் உடம்பெல்லாம் வெளுத்துக் காய்ந்திருக்கிறது. திருநீறு பூசிய அடியார் என்று எண்ணி, யானையிலிருந்து இறங்கிக் கும்பிடுகிறார் அரசர். பதறிப்போன வண்ணார் தாம் வெறும் வண்ணார் என்கிறார். தாமும் வெறும் சேரன்தான் என்கிறார் அரசர். சரியாகப் படித்தவர்கள் ஒரு கொடுங்கோலனின் வாசலுக்குப் போனார்கள். தவறாகப் படித்தவர் தம் குடிமகன் ஒருவர்முன் போய் நின்றார். தவறு தெரிந்த பின்னும் கும்பிட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை என்பதே அந்தக் காட்சியின் அழகு.

அரசன் தாழ்வது, தாழக் கூடாதவர் முன் தாழ்வது, இரண்டு மரபுக்கும் உயிர்நிலை. போட்டிச்செல்லி 1475ஐ ஒட்டித் தீட்டிய மூவரசர் வணக்க ஓவியத்தில், குழந்தையின் பாதத்தைத் தொடும் முதிய அரசனுக்குக் காலமாகிவிட்ட குடும்பத் தலைவர் கோசிமோ மெடிச்சியின் முகம். வேளாங்கண்ணியிலும் பூண்டியிலும் டெல்டாவின் மற்ற கத்தோலிக்க ஊர்களிலும் மார்கழிக் குளிரில் போடும் குடில்களில், வைக்கோல் மேல் மண்டியிட்டிருக்கும் ராஜாக்களைப் பார்த்தே நம் ஊர்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள். தஞ்சையிலேயே இதற்கு ஒரு தலைகீழ்ப் படிமம் உண்டு. பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய சுவார்ட்சு தேவாலயத்தில், ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் மறைப்பணியாளர் சுவார்ட்சின் கையைப் பிடித்து நிற்கிறார் மன்னர் சரபோஜி. கிழக்கின் அரசன் தொட்டிலுக்குப் போகாமல் மரணக் கட்டிலுக்குப் போன காட்சி அது. கயிலைப் பயணத்தின் ஓவியத்துக்கும் இந்தச் சலவைக்கல்லுக்கும் இடையே நடந்தே போய்விடலாம்.

அறிவைப் பற்றிப் பேசாமல் மூவரசரைப் பற்றிப் பேச முடியாது. மத்தேயு அவர்களை அரசர் என்று சொல்லவில்லை, மூவர் என்றும் சொல்லவில்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானியர் (மாகி) என்றதோடு சரி. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூவரானார்கள். அரசர்கள் காணிக்கை கொணர்வார்கள் என்னும் திருப்பாடலைச் சேர்த்து வாசித்ததில் ஞானியர் முடி சூடினார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் அதற்கும் பிறகு வந்தன. 15ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் அந்த முடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடியில் இருந்த ஞானியரை மீண்டும் தேடியது. 1439இல் கீழை, மேலைத் திருச்சபைகளை இணைக்க அங்கே சங்கம் கூடியபோது கிரேக்க அறிஞர் பிளேத்தோன் வந்தார். பாரசீக ஞானி சரதுஷ்டிரரே பழைய ஞானத்தின் தலைவர் என்பது அவர் கொள்கை. அந்தச் சங்கத்துக்கு வந்த பைசாந்தியப் பேரரசரும் மறைமுதுவரும்தான் கொட்சோலி சுவரில் மூத்த அரசர் இருவராக வருகிறார்கள் என்பது மரபு. கோசிமோவின் ஆதரவில் பிளேட்டோவை மொழிபெயர்த்த மார்சீலியோ ஃபிச்சினோ, சரதுஷ்டிரர் தொடங்கி பிளேட்டோ வரை ஒரு ஞானப் பரம்பரையைக் கட்டி, அது கிறிஸ்துவை நோக்கி வந்ததாகக் காட்டினார். அந்தக் கட்டுமானத்தில் மூவர் முக்கியமான தூண். கிறிஸ்துவை முதலில் கண்டுகொண்ட வெளியார், பழைய ஞானத்தின் வாரிசுகள் அல்லவா!

சேரமானின் அறிவுக்கு உள்ள பெயரே கழறிற்றறிவார் என்பது. யாரும், எதுவும் சொல்வதை அறியும் ஆற்றல் அது. விலங்கு, பறவை, புழு வரைக்கும். அரசேற்கச் சொல்லி அமைச்சர் வந்தபோது, திருவஞ்சைக்களத்தில் தொண்டு செய்துகொண்டிருந்த அவருக்கு விருப்பமில்லை. இறைவனிடம் கேட்டு, இந்த ஆற்றலையும் சேர்த்துப் பெற்ற பிறகே ஒப்புக்கொண்டார். ஆக, இது ஆட்சி செய்யத் தேவைப்பட்ட அறிவு. மூவர் மேலே பார்த்துப் படித்தார்கள். இவர் கீழே குனிந்து கேட்டார். விண்மீனுக்கு மொழி இல்லை, மனிதன்தான் அதற்குப் பொருள் சொல்ல வேண்டும். உயிர்களுக்கு மொழி உண்டு, அரசனுக்குத்தான் காது வேண்டும்.

இந்த இரண்டு அறிவுகளுக்கும் கிடைத்த வரவேற்பில்தான் பெரிய வேறுபாடு. 1489இல் ஃபிச்சினோ வெளியிட்ட வாழ்வு பற்றிய மூன்று நூல்களில், கோள்களின் ஆற்றலைப் பொருள்கள் வழியே மனிதன் இழுத்துக்கொள்ளும் வழிகளைச் சொல்லியிருந்தார். மாந்திரீகக் குற்றச்சாட்டு ரோம் வரை போயிற்று. தற்காப்பாக அவர் காட்டிய சான்று இந்த மூவர்தான்: நற்செய்தியே மதிக்கும் மாகி என்ற பெயரைக் கண்டு ஏன் அஞ்சுகிறீர்கள், இது சூனியக்காரனுக்கு உரிய பெயர் அல்ல, ஞானிக்கும் குருவுக்கும் உரியது என்று வாதாடினார். அதற்கு மூன்றாண்டு முன்னால் இளைஞர் பீக்கோ தெல்லா மிராந்தோலா, 900 கோட்பாடுகளை அச்சிட்டு வாதத்துக்கு அழைத்திருந்தார். கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மந்திர வித்தையையும் யூத மறைஞானமான கபாலாவையும் போல் உறுதிப்படுத்தும் அறிவு வேறில்லை என்பது அவற்றில் ஒன்று. திருத்தந்தை கண்டித்தார். தஞ்சைப் பக்கத்திலோ சேரமான் எந்த மன்றத்திலும் நின்று விளக்கம் சொல்லவில்லை. கயிலைக்குப் புறப்படும்போது குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதுகிறார், குதிரை வானில் பாய்கிறது. பீக்கோ இதைக் கேட்டிருந்தால் தம் 900இல் இதற்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்! சொல்லின் ஆற்றல் விலங்கின் உடலில் ஏறுவது, மண்ணும் விண்ணும் ஒரு நொடியில் பிணைவது: மறுமலர்ச்சிக் கால ஞானத் தேடலின் கனவே அதுதான். அங்கே அது நூல்களில் எழுதி, வழக்கில் மாட்டிக்கொண்ட கனவு. இங்கே அது அடியார் கதையின் நடுவே, வியப்புக்குறிகூட இல்லாமல் வருகிறது.

ஃபிச்சினோவின் அதே நூலில் ஒரு சிறு குறிப்பு உண்டு. முதியோருக்கு அவர் பரிந்துரைக்கும் மருந்து: சாம்பிராணி, வெள்ளைப்போளம், தங்கத் தகடு, மூன்றையும் அரைத்துத் திராட்சை மதுவில் கலந்து கொடுக்க வேண்டும். மூவர் கொண்டுவந்த காணிக்கைதான் அப்படியே மருந்தாகிவிட்டது. தங்க பஸ்பம் தின்று பழகிய நாட்டாருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் இறைவனுக்குக் கொடுத்ததைத் தன் ஆயுளுக்குத் திரும்பக் கேட்கும் அந்தத் துணிச்சல் ரசிக்கத்தக்கது.

தங்கம் என்றதும் இரண்டு சுவர்களுக்கும் பின்னால் இருந்த கருவூலங்களைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மெடிச்சிகளின் செல்வம் வட்டித் தொழிலில் வந்தது. வட்டியோ திருச்சபை கண்டித்த பாவம். அந்தக் குடும்பம் மூவரசரை ஏன் இப்படித் தழுவிக்கொண்டது என்பதற்கு இதுவே பாதி விடை. தங்கத்தோடு வந்தும் குழந்தையால் ஏற்கப்பட்டவர்கள் அவர்கள் மட்டுமே. மெடிச்சிகள் மூவரசர் பெயரிலான பக்த சபையில் உறுப்பினர்கள். மூவரசர் திருநாளில் அந்தச் சபை நகரத் தெருக்களில் நடத்திய பவனியில் அந்தக் குடும்பம் முன்னின்றது. கோசிமோ பெரும்பொருள் கொடுத்துப் புதுப்பித்த சான் மார்கோ மடத்துக் கோயில் 1443இல் அபிஷேகமானதும் சனவரி 6, மூவரசர் திருநாளில்தான். அங்கே அவருக்கென ஒதுக்கிய அறையின் சுவரிலும் மூவரசர் வணக்கம்.

தஞ்சையின் கணக்கு வேறு. ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த நகைகளையும் கலங்களையும் எடை போட்டுப் பட்டியலிடும் கல்வெட்டுகள், அவற்றில் பல மலைநாட்டில் சேரனையும் பாண்டியர்களையும் வென்று கைப்பற்றிய செல்வத்திலிருந்து வந்தவை என்று ஒளிக்காமல் சொல்கின்றன. சேரனின் பொன் கோயிலுக்கு வெற்றிப் பொருளாக வந்தது. அதே கோயிலின் உள்சுவரில் சேரன் ஒருவன் அடியாராக வருகிறான். வெளிச்சுவரில் தோற்ற சேரன், உள்சுவரில் கயிலை ஏறும் சேரன். இது திட்டமிட்ட அரசியலா, தற்செயலா என்று தீர்ப்புச் சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் வென்ற நாட்டின் அரசனை, சோழநாட்டுத் திருவாரூரின் பாடகர் ஒருவர் பின்னால் போகிறவனாகக் காட்டுவது சோழப் பேரரசனுக்குக் கசந்திருக்காது. ஃபிளாரன்சில் தீட்டச் சொன்னவர்கள் தங்களையே அரசர்களின் பரிவாரத்தில் சேர்த்துக்கொண்டார்கள்; இங்கே தீட்டச் சொன்னவர் தாம் வென்ற நாட்டின் அரசனைப் பரிவாரத்தில் சேர்த்தார்.

ஓவியத்தில் இடம் கையாளப்பட்ட விதமும் கவனத்துக்குரியது. கொட்சோலியின் சாலை பெத்லகேம் சாலை என்று நம்ப இடமேயில்லை. சைப்ரஸ் மரங்களும் கோட்டை வீடுகளும் நிறைந்த தொஸ்கானா மலைச்சரிவு அது. திருநாட்டைத் தம் ஊருக்கு அருகில் கொண்டுவந்துவிட்டார். தஞ்சை ஓவியருக்குப் பார்க்கும் தூரம் வரை வயல். ஏற ஒரு குன்று இல்லை. அவர் கயிலையை வண்ணத்தில் எழுப்ப, அவருடைய அரசனோ தட்சிணமேரு என்று பெயர் சூட்டிய விமானத்தைச் சமவெளியில் கல்லால் எழுப்பினான். ஊர்வலம் ஏறுவது சுவரில் உள்ள மலைக்கா, அந்தச் சுவரே தாங்கி நிற்கும் மலைக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அமைந்துவிட்டது.

காவிரியும் இந்தப் பயணத்தில் பங்கு கேட்கிறது. சுந்தரரும் சேரமானும் மலைநாட்டுக்குப் போகும் வழியில், தஞ்சைக்கு வடக்கே எதிர்க்கரையில் திருவையாறு தெரிய, ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. ஓடம் செல்லாத வெள்ளம். சுந்தரர் பாட, மேல்நீர் சுவர்போல் நின்று கீழ்நீர் வடிந்து மணல்வழி தோன்றியது என்பது புராணம். ஆடி வெள்ளத்தைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் கனம் புரியும். மூவரசர் கதையில் வழியில் தடை என்று சொல்ல ஏரோது ஒருவன்தான். இங்கே தடை ஆறு; அதையும் ஆள் வைத்தல்ல, பாட்டு வைத்தே தாண்டினார்கள்.

ஓவியமும் எழுத்தும் ஒன்றையொன்று முந்திக்கொண்ட விதத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபிளாரன்சில் எழுத்து சிறிது, ஓவியம் பெரிது: மத்தேயுவின் பன்னிரண்டே வசனங்கள் மூன்று சுவர்களாக விரிந்தன. தஞ்சையில் எழுத்துக்கு முன் ஓவியம். யானை வந்ததைச் சுந்தரரே தம் கடைசிப் பதிகத்தில் பாடியிருந்தார் என்றாலும், முழுக் கதையைச் சேக்கிழார் எழுதியது ஓவியத்துக்கு நூறாண்டுக்கும் மேல் கழித்து, இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். வண்ணார் கதையையும் சிலம்பொலிக் கதையையும் இன்று நாம் அறிந்திருப்பதும் அந்தக் காப்பியத்தின் வழியாகத்தான்.

இதுவரை ஒப்புமை நம் கைவேலை. இரண்டு கதைகளும் உண்மையிலேயே ஒரு முறை முட்டிக்கொண்டன என்பதுதான் நான் எதிர்பாராதது. 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய வாஸ்கோ ட காமா குழுவினர் ஓர் இந்துக் கோயிலைத் தேவாலயம் என்று எண்ணி, உள்ளிருந்த அம்மனை மரியன்னை என்று வணங்கினார்கள். அந்தக் குழப்பத்தின் நீட்சியாக, மலபாரின் பழைய பெருமாள் ஒருவர் பெத்லகேமுக்குப் போன மூவரில் ஒருவர் என்ற கதையும் 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசிய எழுத்துகளில் ஏறியது. அவர்களுக்கு முன்பே கேரள முஸ்லிம்களிடம் ஒரு சேரமான் பெருமாள் இருந்தார்: நிலவு இரண்டாகப் பிளந்ததைக் கண்டு, அதன் பொருள் தேடி மெக்காவுக்குக் கப்பலேறியவர். வானத்தில் ஓர் அதிசயம், அதைப் பின்பற்றி மேற்கே போகும் கிழக்கின் அரசன். எலும்புக்கூடு அப்படியே மூவரசர் கதையுடையது. இவர்கள் எல்லாரும் ஒருவரே என்று வரலாற்றாசிரியர் சொல்ல மாட்டார். ஆனால் கொடுங்கல்லூரில் திருவஞ்சைக்களம் கோயிலும், சேரமான் பெயரைத் தாங்கிய பள்ளிவாசலும், புனித தோமா வந்திறங்கியதாகக் கருதும் கரையும் ஒரே ஊர்ச் சுற்றில் இருக்கின்றன. அந்தத் தோமாதான் மூவருக்கும் திருமுழுக்குக் கொடுத்தார் என்று ஐரோப்பாவின் பழைய மரபு ஒன்று சொல்கிறது! பெருமாளைத் தங்கள் பயணியாக்கிக்கொள்ள மூன்று சமயங்களும் போட்டியிட்டிருக்கின்றன. கயிலை, மெக்கா, பெத்லகேம்: போய்ச் சேர்ந்த இடத்தில்தான் கருத்து வேறுபாடு, புறப்பட்டதில் இல்லை.

போய்ச் சேர்ந்த இடத்தில் நடந்தது என்ன? மூவருக்குக் கதவு திறந்தே கிடந்தது. அழைத்ததே அந்த விண்மீன் அல்லவா. சேரமானைக் கயிலை வாயிலில் தடுத்து நிறுத்திவிட்டார்கள். யானை அனுப்பி அழைத்தது சுந்தரரை மட்டும்தான். உள்ளே போன சுந்தரர் சொல்லித்தான் சேரமானுக்கு வழி கிடைத்தது. அழையாமல் வந்தது எப்படி என்று இறைவன் சிரித்துக்கொண்டே கேட்கிறார். முன்னொரு நாள் பாணபத்திரர் என்ற பாணரிடம் பாட்டாகவே ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்து இதே சேரமானிடம் அனுப்பியவர் கேட்கும் கேள்வி இது! நண்பனின் யானையைப் பின்பற்றி வந்தேன், கூடவே உம்மேல் ஓர் உலா பாடி வந்திருக்கிறேன், கேட்டருள வேண்டும் என்கிறார் சேரமான்.

காணிக்கையில் இரண்டு மரபும் முற்றாகப் பிரிகின்றன. மூவர் கொண்டுபோனது பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். சேரமான் கொண்டுபோனது திருக்கைலாய ஞான உலா. அந்த நூலின் பொருளைக் கவனித்தால் தலை சுற்றும். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்கள் தெருவில் நின்று பார்க்க, சிவன் பவனி வருகிறார். அதாவது, ஓர் ஊர்வலத்தின் முடிவில் காணிக்கையாக வைக்கப்பட்டது இன்னோர் ஊர்வலம். ஃபிளாரன்சில் மனிதர்கள் மூன்று சுவர் நீளத்துக்குக் கடவுளை நோக்கிப் போகிறார்கள். பலிபீடத்துக்காக ஃபிலிப்போ லிப்பி தீட்டிய குழந்தை அசையாமல் படுத்திருக்கிறது. சேரமான் பாட்டில் கடவுள் புறப்பட்டுத் தெருவுக்கு வருகிறார். மனிதர்கள் வாசலில் நிற்கிறார்கள். ஆழித்தேர் ஓடும் திருவாரூரில் நண்பரோடு தங்கியிருந்தவருக்கு, கடவுளைத் தெருவில் பார்ப்பது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

திரும்பும் வழியும் வேறு வேறு. கனவில் எச்சரிக்கப்பட்ட மூவர் வேறு பாதையில் நாடு திரும்பினார்கள். அவர்களுடையவை எனப்படும் எலும்புகளை 1164இல் பேரரசர் பார்பரோசாவின் அமைச்சராயிருந்த பேராயர், வீழ்ந்த மிலான் நகரிலிருந்து போர்ப்பொருளாகக் கொலோனுக்கு எடுத்துப்போனார். இன்றும் அங்கே பொற்பேழையில் இருக்கின்றன. சில துண்டுகளை மட்டும் மிலான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்டு வாங்கிக்கொண்டது. சேரமான் திரும்பவே இல்லை. அவர் வீரர்களும் உடலைத் துறந்து முன்னால் போய்விட்டார்கள் என்பது புராணம். திரும்பியது உலா மட்டும்தான். கயிலையில் அதைக் கேட்டிருந்த சாத்தனார், திருப்பிடவூரில் கொண்டுவந்து வெளியிட்டாராம். திருச்சிக்கு வடக்கே, சிறுகனூரிலிருந்து பிரியும் சாலையில் திருப்பட்டூர் என்று பெயர்ப்பலகை இருக்கும் ஊர் அது. பிரம்மன் கோயிலுக்குத் தலையெழுத்தை மாற்றிக்கொள்ளப் போகிறவர்கள் நிறைய. உலாவை அரங்கேற்றிய சாத்தனாரான ஐயனாரின் கோயிலும் அதே ஊரில்தான் இருக்கிறது.